சொக்கியின் இடது கை

பட்டையை இன்னொரு இழுப்பு இழுத்தாள் பிலோமி. சொக்கி வீலென்று கத்தினாள். இரண்டரை வயதுக் குழந்தையின் இடது கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, பழைய எக்ஸ்ரே பிலிமில் வெட்டி வண்ணம் பூசிய அந்தப் பட்டை சதைக்குள் அழுந்தி நின்றது. பட்டையில் மூன்று நிறங்கள். கை கொழுகொழுவென்று இருந்தால் முனை பச்சையில் போய் நிற்கும். சுமாராக இருந்தால் மஞ்சள். எலும்பும் தோலுமாக இருந்தால் சிகப்பு. இழுக்காமல் விட்டிருந்தால் சொக்கியின் கை மஞ்சளின் நடுவில் நின்றிருக்கும். பிலோமி இழுத்த இழுப்பில் சிகப்புக்கு வந்து சேர்ந்தது. அட்டையில் ‘சிகப்பு’ என்று எழுதிவிட்டு, பட்டை பதிந்த தடத்தைக் கட்டைவிரலால் நீவிவிட்டாள். குழந்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவளை முறைத்தது.

ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில் புதன்கிழமைதோறும் இது நடந்தது. எழுபத்தைந்தாம் வருஷம். மழை ஏமாற்றி, புழல் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த நேரம். கடல் தாண்டி வந்த ஒரு சங்கம் அங்கே மாவு கொடுத்தது. அதன் முழுப்பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. சனங்கள் ‘மாவு சங்கம்’ என்று சுருக்கிவிட்டார்கள். கை சிகப்பில் நிற்கிற குழந்தைக்கு வாரம் மூன்று படி சத்து மாவு, ஒரு டம்ளர் எண்ணெய். சோளமும் சோயாவும் பால் பவுடரும் கலந்த மாவு. காய்ச்சினால் கப்பல் சாக்கு வாடை அடிக்கும், ஆனாலும் வயிறு நிறையும். மூன்று புதன்கிழமை தொடர்ந்து சிகப்புக்கு வெளியே நின்றால் பிள்ளை தேறிவிட்டது என்று அர்த்தம். அட்டையை வாங்கிக்கொண்டு, தாய் கையில் ஒரு சோப்புக்கட்டியைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நோயாளி குணமானால் மருந்தை நிறுத்துவது நியாயம்தான். இந்த நோய்க்குப் பெயர் பசி. நேற்று தின்றதற்காக அது இன்றைக்கு வராமல் இருக்குமா?

பிலோமி முதலில் நேர்மையாகத்தான் அளந்தாள். ரயில்வேயில் வேலை பார்க்கும் அருள்நாதனின் மனைவி, எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள், கை சுத்தம் என்று சொல்லித்தான் கோயில் சாமியார் இந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். முதலில் தேறிய பிள்ளை, கூடையில் மீன் விற்கும் சிலுவையம்மாளின் மகன் ஞானதுரை. அவன் கை மஞ்சளைத் தொட்ட மூன்றாவது புதன்கிழமை, வரிசையில் நின்ற அத்தனை பெண்களையும் பிலோமி கைதட்டச் சொன்னாள். சோப்பைத் தன் கையாலேயே கொடுத்தாள். மாவு நின்ற ஏழாவது வாரம் பையன் வயிற்றுப்போக்கில் போய்விட்டான். காசிமேட்டுக் கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது சிலுவையம்மாள் அவளைப் பார்த்து, “நீ குட்த்தியே, அந்த சோப்பப் போட்டு குளிப்பாட்டித்தான் பொட்டில வெச்சேன்” என்றாள். திட்டவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. நல்ல சோப்பு என்பதுபோலத்தான் சொன்னாள். அதுதான் பிலோமிக்குத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் கை தானாக இழுக்கக் கற்றுக்கொண்டது. ஒரு பிள்ளைக்கு என்று ஆரம்பித்தது, இரண்டாகி, பத்தாகி, கடைசியில் முப்பத்தெட்டு அட்டைகளும் மாதக்கணக்கில் சிகப்பாகவே நின்றன. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அருள்நாதன் கேலி செய்தான். செய்யட்டும். மாவு சீமையிலிருந்து வந்தது, பசி ராயபுரத்தில் இருந்தது, நடுவில் இருந்தது அவள் கை ஒன்றுதான்.

சொக்கியின் தாய் கெங்கம்மா, துறைமுகச் சுவரை ஒட்டிய குடிசைகளில் இருந்தாள். புருஷன் அப்பாவு கப்பலில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன். இரும்புச் சட்டம் விழுந்து வலது கால் நசுங்கியதிலிருந்து வாசலில் உட்கார்ந்து போகிற லாரிகளைப் பார்ப்பதே அவனுக்கு வேலை. தினக்கூலி என்பதால் கேட்க நாதியில்லை. நான்கு பிள்ளைகள், சொக்கி கடைசி. கெங்கம்மாவுக்கு அரிசிக் கிடங்கு வாசலில் சிந்தியதைப் பெருக்கிப் புடைக்கிற வேலை என்றைக்காவது கிடைக்கும். மற்றபடி சொக்கியின் அட்டைக்கு வருகிற மாவைக் கூழாகக் காய்ச்சி ஆறு பேரும் குடித்தார்கள். சங்கத்தின் சட்டப்படி அது குற்றம், மாவு சிகப்புப் பிள்ளைக்கு மட்டும்தான். எந்தத் தாய் ஒரு பிள்ளைக்கு ஊட்டிவிட்டு மூன்று பிள்ளைகளை வேடிக்கை பார்க்கச் சொல்வாள் என்பதை அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் யோசிக்கவில்லை.

“எங்க வூட்ல சம்பாரிக்கிறது இவ ஒர்த்திதான்க்கா” என்று சொல்லி, கெங்கம்மா மகளின் கையில் முத்தம் கொடுப்பாள். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். பிலோமியும் சிரிப்பாள். சொக்கி என்றால் அவளுக்கு உயிர். மாவுக் குவியலில் விரலைக் குத்தி நக்குவதற்கு அந்தக் குட்டி ஒன்றுக்குத்தான் அங்கே அனுமதி.

ஆனி மாதத்தில் ஒருநாள் வால்டர் ஒரு சுருள் தாளோடு வந்தார். சங்கத்தின் மேற்பார்வையாளர் அவர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி. தாளை மேசையில் விரித்து நான்கு மூலையிலும் எண்ணெய் டின்னை வைத்தார். தேறிய பிள்ளைகளின் கணக்கைக் காட்டும் கோடு ஒன்று ஆரம்பித்த இடத்திலிருந்து கடைசிவரை படுத்தே கிடந்தது.

“பார்த்தீங்களா பிலோமி? கடைசி எட்டு மாசம். ஒரு பிள்ளைகூட தேறலை. மாவைக் கொண்டுபோய் மார்க்கெட்ல வித்துடறாங்கன்னு நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். மேலிடத்துல சொல்லிட்டாங்க, இந்த ஊர்ல கொடுக்கறது வீண், மூடிட்டு வேற ஜில்லாவுக்குப் போகலாம்னு. அடுத்த புதன் டாக்டரம்மா வர்றாங்க, பார்த்துட்டு கையெழுத்து போட.”

இழுத்து இழுத்துக் காப்பாற்றிய மாவு, இழுத்ததாலேயே போகிறது. வாயைத் திறந்தால் தன் வேலை போகும், திறக்காவிட்டால் மண்டபமே போகும். பிலோமிக்கு நாலு நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில் அவள் போய்க் கேட்டது சாமியாரிடம் அல்ல, கெங்கம்மாவிடம்.

கெங்கம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டாள். “சொல்டுக்கா. இந்த மாவத் துன்னு இத்தினி புள்ள தேறிக்கீதுன்னா அவங்க சந்தோசந்தான படுவாங்க? நல்லா நடக்கற ஒண்ண யாராச்சும் நிறுத்துவாங்களா?”

அந்தப் பேச்சில் இருந்த நியாயம் பிலோமிக்குத் தெம்பு கொடுத்தது. புதன்கிழமை வெள்ளைக்கார டாக்டரம்மா வந்தாள். நெடுநெடுவென்று உயரம், வெயிலில் வெந்து சிவந்த கழுத்து. பிலோமி எழுந்து நின்று, பிள்ளைகள் தேறிவிட்டார்கள், நான்தான் பட்டையை இழுத்துப் பிடித்தேன் என்று தமிழில் சொன்னாள். வால்டர் மொழிபெயர்க்கவில்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது. பிலோமி சொக்கியைத் தூக்கி மேசைமேல் உட்கார வைத்தாள். முதலில் வழக்கம்போல இழுத்துக் காட்டினாள், சிகப்பு. பிறகு விரலைத் தளர்த்தினாள். முனை நகர்ந்து மஞ்சளில் நின்றது. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

டாக்டரம்மா முப்பத்தெட்டு பிள்ளைகளையும் தன் கையால் அளந்தாள். முப்பத்தொரு பேர் சிகப்பைத் தாண்டியிருந்தார்கள், அதில் நான்கு பேர் பச்சை. அளந்து முடித்ததும் பிலோமியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். கண்ணில் தண்ணீர் நின்றது. நல்லவள்தான், அதில் சந்தேகமில்லை. இத்தனை நாள் ஊர் ஊராகப் போய்ச் செத்த பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு, பிழைத்த பிள்ளைகள் முப்பத்தொன்றை ஒரே இடத்தில் பார்க்கக் கிடைத்திருக்கிறது.

“உங்களை மன்னிச்சுட்டாங்க” என்றார் வால்டர். “ரொம்ப சந்தோஷம்னு சொல்றாங்க. இங்க வேலை நல்லபடியா முடிஞ்சுடுச்சாம்.”

“முடிஞ்சுதா?”

“தேறிடுச்சு இல்ல பிள்ளைங்க? இன்னும் சிகப்புல இருக்கற ஏழும் இனிமே திருவொற்றியூர் சென்டர்ல வாங்கிக்கலாம். மத்த மாவு தஞ்சாவூர் பக்கமோ எங்கயோ போகுது. அங்க இதைவிட மோசமாம்.”

முப்பத்தொரு சோப்புக்கட்டிகள் பெட்டியோடு வந்து இறங்கின. பிலோமி ஒன்றையும் தொடவில்லை. வால்டரே கொடுத்தார். தோற்றதாகச் சொன்னாலும் மூடுவார்கள், ஜெயித்ததாகச் சொன்னாலும் மூடுவார்கள் என்றால் மனுஷி எதைத்தான் சொல்வது? கெங்கம்மா சோப்பை முகர்ந்து பார்த்துவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டாள். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“திருவொத்தியூர்ல செவப்பா இருந்தா எட்துப்பாங்களாக்கா?”

“எடுத்துப்பாங்க. மாசாமாசம் மொத புதன்கிழமை வால்டர் சார் இந்த மண்டபத்துக்கு வேன்ல வருவாரு. புதுசா யார்னா செவப்புக்கு எறங்கியிருந்தா அட்டை போட்டுத் தருவாரு. அன்னிக்கி மட்டும் நான் வருவேன்.”

நடக்கிற விஷயத்தைத்தான் சொன்னாள். ஆறுதலாக இருக்கட்டும் என்றும் நினைத்தாள். பாவி வாய் ‘எடுத்துப்பாங்க’ என்பதோடு நின்றிருக்கலாம்.

அடுத்த மாதம் முதல் புதன்கிழமை, வேன் வருவதற்கு முன்னாலேயே கெங்கம்மா மண்டபத்து வாசலில் நின்றாள். அவள் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பிலோமிக்கு ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகி, தலைமுடி செம்பட்டை ஏறியிருந்தது. மாவு நின்ற வீட்டில் பிள்ளைகள் இளைக்கத்தான் செய்யும். ஆனால் தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற மூத்தவன் இவ்வளவு இளைக்கவில்லை. பிலோமி ஒருத்தரை மாற்றி ஒருத்தரைப் பார்த்தாள்.

“இன்னாடி கெங்கம்மா இது?”

கெங்கம்மா குரலைத் தாழ்த்தினாள். “இருவது நாளா இவளுக்கு ஒரு வேள கஞ்சிதான்க்கா ஊத்தறேன். மத்த மூணும் துன்னும்போது இவளத் தூக்கினு ரயில் ரோட்டாண்ட பூடுவேன். மொதல்ல அழுதுகினு இருந்துச்சு, இப்ப அழறதில்ல.” பிறகு, பிலோமியின் முகத்தைப் பார்த்து, கெஞ்சுவதுபோல, “இவ ஒர்த்தி செவந்துட்டா நாலும் துன்னும்க்கா. இவளுந்தான துன்னப் போறா?”

பிலோமிக்கு அவளை அடிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்வதற்குள் வால்டர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அவர் கையில் ஒரு பென்சில். மேலிடத்துப் புது உத்தரவு: பட்டையைச் சுற்றிய பிறகு, அதற்கும் சதைக்கும் நடுவில் பென்சில் தடையில்லாமல் நுழைந்து வரவேண்டும். நுழையாவிட்டால் அளவு செல்லாது. யாரால் வந்த உத்தரவு என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

சொக்கி மேசைமேல் உட்கார்ந்தாள். யாரும் கேட்காமலேயே இடது கையை நீட்டினாள். பிலோமி பட்டையைச் சுற்றினாள். இந்த ஒரு முறை, மாதாவே, இந்த ஒரு முறை என்று வேண்டிக்கொண்டு அவள் விரல் லேசாக இழுத்தது. பென்சில் வந்து முட்டியது.

“தளர்த்துங்க” என்றார் வால்டர்.

தளர்த்தினாள். பென்சில் நுழைந்து வெளியே வந்தது. முனை சிகப்பின் ஓரத்தைத் தாண்டி மஞ்சளில் நின்றது. வால்டர் குனிந்து பார்த்தார். அவருக்கும் அந்தப் பிள்ளையைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்திருக்க வேண்டும், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மஞ்சள். வரம்புக்கு வெளிய இருக்கும்மா. நான் ஒண்ணும் செய்ய முடியாது. அடுத்த மாசம் கொண்டாங்க.”

கெங்கம்மா அவரைப் பார்க்கவில்லை. பட்டையின் மேல் குனிந்து, பிலோமியின் காதருகே கேட்டாள். “இன்னும் எவ்ளோக்கா கொறையணும்?”

பிலோமிக்குப் பதில் சொல்லக்கூடாது என்று தெரியும். ஆனால் அவள் விரல் நகம், மஞ்சளில் முனை நின்ற இடத்துக்கும் சிகப்பு ஆரம்பிக்கிற கோட்டுக்கும் நடுவிலேயே இருந்தது. கெங்கம்மா அந்த இடைவெளியைப் பார்த்துவிட்டாள். ஒரு நெல்லின் அகலம் இருக்கும்.

“அவ்ளோதானா?” என்றாள். இருபது நாளாக இறுகிக் கிடந்த அவள் முகம் தளர்ந்தது. “அப்பன்னா அட்த்த மாசத்துக்குள்ள ஆயிடும்க்கா.”

மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மூத்தவனின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். பின்னால் நின்றவள் தன் பிள்ளையை மேசைமேல் உட்கார வைத்தாள். வால்டர் பென்சிலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். வாசலுக்கு வெளியே வெயிலில், சொக்கி தாயின் தோளில் கன்னத்தை வைத்து, முந்தானை நுனியை வாய்க்குள் திணித்து மென்றுகொண்டே போனாள்.