மெஷின் சத்தம்

மண்ணெண்ணெய்த் துணியால் அச்சு மெஷினின் மை வட்டைத் துடைத்துக்கொண்டிருந்த அச்சுக்காரரிடம் கொழுந்தியாள் வந்து நின்றாள். "அத்தான், அக்கா மெஷினை ஓட்டச் சொல்றா."

அவர் நம்பவில்லை. இனி வைத்திருந்து பயனில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து மனைவியை அனுப்பிவிட்ட நாளிலிருந்து மெஷின் ஓடவில்லை. அச்சகத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒரே சுவர். அவளுக்கு அமைதி வேண்டுமென்று வந்த வேலைகளையெல்லாம் திருப்பி அனுப்பியிருந்தார்.

கட்டிலருகே போய்க் கேட்டார்.

"சத்தமே இல்லாம, இப்பவே நான் போயாச்சுங்கிற மாதிரி இருக்குங்க," என்றாள்.

கல்யாணமான புதிதில் இதே சத்தத்துக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டவள். ஒருநாள் அவசர வேலைக்கு ஒத்தாசையாக வந்து உட்கார்ந்தாள். அதன்பிறகு பஞ்சு எங்கே போனதென்று தெரியவில்லை.

சுவிட்சைப் போட்டார். சக்கரம் சுற்றியது. சற்று நேரத்தில் கொழுந்தியாள் மறுபடி வந்தாள்.

"அட்டை வைக்காம சும்மா ஓட்டுறீங்களாம். ஏமாத்த வேண்டாங்கிறா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அலமாரிக்கு அடியிலிருந்து, அட்டை வெட்டும் குடை டையை இழுத்தார். இரும்புத் தகட்டை வளைத்துப் பலகையில் பதித்து அவரே செய்த முதல் டை. குடைக்கடைக்காரர் ஒருவருக்காக, குடை வடிவத்திலேயே விளம்பர அட்டை. வெட்டிய அட்டையின் ஓரக் கழிவை விரலால் உதிர்த்துக்கொண்டே அவள் அன்று, "குடையா இது? காளான்," என்று சொல்லிவிட்டாள். பொழுது சாயும்வரை அவர் முகங்கொடுத்துப் பேசவில்லை. கடைக்காரருக்கு என்னவோ பிடித்துப்போய், ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் வந்தார்.

கடைப் பெயர் பள்ளம் விழ அச்சான தடித்த அட்டைகள் கொஞ்சம் வெட்டாமல் மிச்சமிருந்தன. மெஷினை நிறுத்தி டையை மாட்டி முடுக்கி, மறுபடி ஓடவிட்டு ஒன்றை வைத்தார். தொம்மென்று இறங்கியது. அதைக் கொழுந்தியாள் உள்ளே கொண்டுபோய்விட்டு வந்தாள்.

"தடவிப் பாத்தா. எழுத்து நல்லாப் பதிஞ்சிருக்காம். குடைதான் இன்னும் காளானாம்."

அவர் அட்டைகளை வைத்துக்கொண்டே போனார். முன்பெல்லாம் எதிரில் உட்கார்ந்து கழிவை உதிர்க்கும் மனைவி, அவர் வேகம் பிடித்தால் சுண்டுவிரலைத் தூக்குவாள். பேச்சுக்கு வழியில்லாத அந்தச் சத்தத்தில் அவர்களுக்குள் அப்படிச் சைகைகள் நிறைய இருந்தன. இன்று அவராகவே நிதானமாக வைத்தார்.

அட்டைகள் தீர்வதற்குள் கொழுந்தியாள் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வரும்படி கை காட்டினாள்.

அவர் உள்ளே போனார். மனைவியின் முகம் அச்சகச் சுவர்ப் பக்கமாகத் திரும்பியிருந்தது. கட்டிலோரம் உட்கார்ந்து, போர்வையைச் சரிசெய்தார்.

"மெஷினை நிறுத்திடட்டுமா அத்தான்?"

"ஓடட்டும்மா."

அக்கம்பக்கத்தார் வரத் தொடங்கினார்கள். வாசலில் செருப்பை விட்டுவிட்டு வந்து நின்றவர்கள், ஒருவர் காதருகே ஒருவர் குனிந்து, எப்போது நடந்தது என்று கேட்டுக்கொண்டார்கள்.