டை கட்டிய ஊசிக்காரர்

அந்த வருஷம் ஆனி மாதத்தில் தென்காசி வட்டாரத்தில் என்னைக் கண்டு ஓடாத உயிர்கள் மூன்றே வகை. என் மனைவி, என் மகள், பிறகு குற்றாலத்துக் குரங்குகள்.

நான் சுகாதார இன்ஸ்பெக்டர் வல்லிநாயகம். அந்தப் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. ஊசிக்காரர் என்றால் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். மலையில் சாரல் விழ ஆரம்பித்தால் கூடவே காலரா பயமும் இறங்கிவிடும். அருவிக்கு வருகிறவர்கள் கையில் காலரா ஊசி போட்ட சீட்டு இருக்க வேண்டும். இல்லாதவர்களைப் பஸ்ஸிலிருந்து இறக்கி அங்கேயே குத்த வேண்டும். லேசுப்பட்ட ஊசியா அது? போட்ட கையை இரண்டு நாளைக்குத் தூக்க முடியாது, காய்ச்சல் வேறு அடிக்கும். ஆசையாகக் குளிக்க வந்த புது மாப்பிள்ளையும் பெண்ணும் ஆளுக்கொரு மூலையில் போர்த்திக்கொண்டு முனகுவார்கள். அவர்கள் வாயில் என் பெயர் என்ன பாடு படும் என்று எனக்குத் தெரியும். சீசன் முடிந்தால் அம்மை குத்த வேண்டும், அதுவும் முடிந்தால் கிணறு கிணறாக மருந்து போட வேண்டும். பத்து வருஷமாக இதுதான். பி.எஸ்ஸி. படித்து, சென்னைக்குப் போய்ச் சுகாதாரப் படிப்பும் படித்து, கடைசியில் பூச்சாண்டி வேலை.

என்னைத் திட்டட்டும், அது சம்பளத்தோடு சேர்ந்தது. என் மகள் குழல்வாய்மொழி என்ன பாவம் செய்தாள்? மேலகரத்தில் அவள் விளையாடப் போனால் தெருப்பிள்ளைகள் எல்லாம் ஒளிந்துகொள்ளும். அவள் பின்னாலேயே நான் பையைத் தூக்கிக்கொண்டு வருவேன் என்று அதுகளுக்குப் பயம். சின்னவளாக இருந்தபோது அதைக் கண்ணாமூச்சி ஆட்டம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே தேடுவாள். இரண்டாம் வகுப்புக்குப் போனதும் விளங்கிவிட்டது. அதற்கப்புறம் அவள் வெளியே போகவில்லை. புளியங்கொட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, எதிரில் ஆள் இருப்பது போல இரண்டு கைக்கும் அவளே விளையாடுவாள். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் துல்கர்னைன் வந்தான். கடையநல்லூர்க்காரன், சென்னையில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்து படித்தவன். படிப்பு முடிந்ததும் நான் சர்க்காருக்குப் போனேன், அவன் மருந்துக் கம்பெனிக்குப் போனான். மதுரையில் வீடு, ஸ்கூட்டர், வெள்ளைச் சட்டை.

"ஏலே வல்லி, நாம படிச்சது ஒரே படிப்புதாம்லே," என்றான். "நீ வாசலுக்கு வந்தா கதவ அடைக்கான். நான் வந்தா நாற்காலி போடுதான். காலரா எப்படிப் பரவுது, டைபாய்டு எப்படிப் பரவுதுன்னு தெரிஞ்ச ஆளு கம்பெனிக்கு வேணும். டாக்டர்மார்ட்ட மருந்தப் பத்திச் சொல்லத் தென்காசிக்கு ஒரு ரெப்பு எடுக்காங்க. எங்க மேனேஜர் சீசனுக்குக் குற்றாலம் வாராரு. ஒருநாள் உன்னக் கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்டப் பேச விட்டுப் பாப்பாரு. தேறிட்டேன்னா வேலை."

"டாக்டர்மாருக்கு என்னத் தெரியுமே."

"தெரிஞ்சா நல்லதுதானலே."

அவனே ஒரு டை கொண்டுவந்தான். முடிச்சுப் போட எனக்கு வரவில்லை. கடைசியில் அவனே போட்டு, மாட்டுக்குக் கழுத்துக்கயிறு தயார் செய்வது போலச் சுருக்காக வைத்துக் கொடுத்தான். தலைவழியாக மாட்டி இழுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மேனேஜரைப் பார்க்கப் போகிற அன்று காலை குழலு என் டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"இனிமே ஊசி போட மாட்டீங்களாப்பா?"

"மாட்டேன்ட்டி. மாத்திரை, டானிக்கு, அவ்வளவுதான்."

அவள் பள்ளிக்கூடத்துக்கு ஓடிய ஓட்டத்தைப் பார்த்து என் மனைவி சண்முகசுந்தரிக்குக் கண் நிறைந்துவிட்டது. "கெடைக்கும்," என்று மட்டும் சொன்னாள்.

மேனேஜர் நல்ல மனுஷர். நரைத்த தலை, மெதுவான பேச்சு. குற்றாலத்தில் அவர் தங்கியிருந்த விடுதியில் காபி வாங்கிக் கொடுத்து, கம்பெனிப் பையை என் கையில் தந்தார். "மூணு நிமிஷம் பேசுங்க. சிரிச்ச முகமா இருங்க. டாக்டர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க. வெளியில நோயாளிங்க யாராவது ஏதாவது கேட்டாலும் பதில் சொல்லக்கூடாது. அது நம்ம வேலை இல்லை," என்றார். நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன்.

கம்பெனிப் பை கறுப்புத் தோல் பை. என் சர்க்கார்ப் பையும் கறுப்புத் தோல் பைதான். எனக்கும் அது உறைக்கவில்லை, மதுரைக்காரனாகிவிட்ட துல்கர்னைனுக்கும் உறைக்கவில்லை.

மேனேஜரும் நானுமாகத் தென்காசியில் டாக்டர் செல்லப்பாவின் கிளினிக்குக்குப் போனோம். கூட்டமான கூட்டம். பெஞ்சில் இடமில்லாமல் தரையிலும் உட்கார்ந்திருந்தார்கள். நான் டையும் பையுமாக உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. யாரோ ஒரு கிழவர் மெதுவாகச் சொன்னார்: "எய்யா, இங்கனயும் வந்துட்டாரு. டாக்டர் சொல்லி அனுப்பிருப்பாரு போல."

அவ்வளவுதான். சாவு வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் போவது போல ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். துண்டை உதறி ஒருவர், பிள்ளையைத் தோளில் போட்டு ஒருத்தி, பிறகு கும்பலாக. வாசலில் நெரிசலே வந்துவிட்டது. அந்த நெரிசலில் ஒரு பெண்ணின் தோளில் கிடந்த ஆண் பிள்ளையை ஒரு கணம் பார்த்தேன். கண் குழி விழுந்திருந்தது. கழுத்து ஒரு பக்கம் துவண்டு கிடந்தது. உதடு காய்ந்து வெள்ளையாக இருந்தது.

"உள்ளே கூப்பிடுறாங்க," என்று மேனேஜர் என் முழங்கையைத் தொட்டார்.

உள்ளே போனேன். என்னத்துக்குப் பொய், அந்தப் பிள்ளையைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன். குழலின் முகம் முன்னால் நின்றது. சிரித்த முகமாக டானிக்கைப் பற்றி ஆரம்பித்தேன். இரும்புச் சத்து, பசி, பிரசவத்துக்கு அப்புறம் வரும் அசதி. நன்றாகத்தான் பேசினேன். மேனேஜர் இரண்டு தடவை தலையசைத்தார். டாக்டர் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் வேலை என் கையில்.

டாக்டர் திடீரென்று, "என்ன, வெளிய ஒரு சத்தத்தையும் காணோம்?" என்றார்.

கம்பவுண்டர் எட்டிப் பார்த்தார். "எல்லாரும் போயிட்டாங்க சார். ஊசிக்காரர் வந்ததப் பாத்துட்டு."

டாக்டர் பாட்டிலை மேஜையில் வைத்தார். "ஏன் ஓய், வியாழக்கிழமை கூட்டத்த இப்படிக் கலைச்சு விட்டுட்டீரே," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். கோபம்தான், ஆனால் பாதி சிரிப்பும் இருந்தது. சமாளித்திருக்கலாம். மேனேஜர் சமாளிக்க வாயும் திறந்துவிட்டார்.

நான் கம்பவுண்டரிடம் கேட்டேன். "தோள்ல பிள்ளையப் போட்டுட்டு ஒருத்தி நின்னாளே, அவளுக்கு என்ன?"

"அவளுக்கில்ல, பிள்ளைக்கு. விடியக்காலத்துல இருந்து போகுதாம். அரிசி கழுவின தண்ணி மாதிரி."

காலராவேதான். நான் எழுந்தேன்.

"மிஸ்டர் வல்லிநாயகம், உட்காருங்க," என்றார் மேனேஜர். சத்தம் போடவில்லை. கெஞ்சுவது போல இருந்தது.

உட்காரவில்லை. வெளியே ஓடினேன். பை கையிலேயே இருந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. அவள் மேலகரம் போகிற ரோட்டில் தூரத்தில் போய்க்கொண்டிருந்தாள். நான் கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்து ஓட ஆரம்பித்தாள். டை தோளுக்குப் பின்னால் பறக்க நான் துரத்துகிறேன், கடைக்காரர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்கிறார்கள். "ஏட்டி, ஓடு, மாட்டிக்கிடாத," என்று ஒருவன் அவளுக்கு வழி விட்டான். இன்னொருவன் சைக்கிளை எனக்குக் குறுக்கே போட்டான். அவன் சிரித்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஊர் எல்லையில் ஒரு புளியமரத்தடியில் அவள் முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அண்ணாச்சி, நாளைக்கு வந்து நானே போட்டுக்கிடுதேன். இன்னைக்குப் பிள்ளைக்குச் சொகமில்ல. விட்ருங்க."

"ஊசி போட வரலம்மா. பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போணும்."

அவள் பார்வை என் கையிலேயே இருந்தது. அப்போதுதான் பை என் நினைவுக்கு வந்தது. திறந்து அப்படியே ரோட்டில் கவிழ்த்தேன். வழவழப்பான படங்கள், மாத்திரை அட்டைகள், டானிக் பாட்டில்கள். ஒரு பாட்டில் உடைந்து மண்ணில் சிவப்பாக ஓடியது. ஊசி இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் பிள்ளையை என் கையில் தந்தாள். வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தேன். கிள்ளினது அப்படியே நின்றது, உடம்பில் தண்ணீர் வற்றிப்போயிருந்தது.

குதிரை வண்டியில் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். சலைன் ஏற்றினார்கள். அவள் பெயர் இசக்கி, மேலகரத்தில் எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளி வீடு. எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கிறாள் என்று விசாரித்து, அதில் மருந்து போட ஆபீசுக்குச் சொல்லி அனுப்பினேன். இனி அந்தத் தெரு முழுக்க நான்தான் ஊசி போட வேண்டும். மத்தியானம் தாண்டிப் பிள்ளை அழுதான். கண்ணில் நீர் வந்தது. உடம்பில் தண்ணீர் சேர்ந்தால்தான் அழுகையில் கண்ணீர் வரும். நான் அவனைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் காலிப் பையோடு குற்றாலத்துக்குப் போனேன். குளித்த கூட்டம் எண்ணெய் மணக்கத் திரும்பிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் வழக்கம் போல ரோட்டின் அந்தப் பக்கம் ஒதுங்கியது.

மேனேஜர் பையை வாங்கி வைத்துக்கொண்டார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "பிள்ளை எப்படி இருக்கான்?" என்றுதான் முதலில் கேட்டார். பிழைத்துவிட்டான் என்றேன்.

"நீங்க செஞ்சது சரி. நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருக்கணும். செஞ்சிருப்பேனான்னு தெரியலை," என்றார். "ஆனா எங்க வேலைக்கு டாக்டர் ரூமுக்குள்ள இருக்கிற ஆளுதான் வேணும். உங்க கண்ணு வெளியிலேயே நிக்குது. சுரண்டைப் பையன் ஒருத்தனை எடுத்துக்கிறோம். தப்பா நினைக்காதீங்க."

நினைக்கவில்லை. டையைத் தலைவழியாகக் கழற்றிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு மேலகரத்துக்கு நடந்தேன். சாரல் முகத்தில் அடித்தது. எத்தனை பேருக்குச் சுகமான சாரல் அது. எனக்கு வீடு போய்ச் சேராமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

வாசலிலேயே குழலு நின்றாள். "வேலை கெடைச்சுதாப்பா?"

"இல்லட்டி."

"அப்பம் நாளைக்கும் ஊசியா?"

"ஆமா."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தூக்கிக்கொண்டிருப்பேன். "நான் கிளாஸ்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டனே," என்றாள். பிறகு பெரிய மனுஷி மாதிரி யோசித்து யோசித்துச் சொன்னாள்.

"என்னப் புளியங்குடி சித்தி வீட்ல விட்ருங்கப்பா. அங்கன பள்ளிக்கூடத்துல படிக்கேன். அங்க உங்கள யாருக்கும் தெரியாதுல்லா."

"தெரியாதுட்டி," என்றேன்.

அடுப்படியிலிருந்து சண்முகசுந்தரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆடி மாதம் முழுக்க எனக்குப் புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில்தான் ஊசி டியூட்டி. அது அவளுக்குத் தெரியும். அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.