அலைவாணருக்கு ஓர் இலை

மலாயாவுக்கு மெர்டேக்கா என்னும் விடுதலை வந்த ஆண்டு, மலாக்காத் திடலில் கவிஞர் அலைவாணரின் பாட்டைப் பாடிக் கைதட்டலை அள்ளியவர் சேதுபதி. துக்காங் எமாஸ் தெருவில் துணிக்கடை வைத்திருந்தார். வாசகசாலைக்கும் அவர்தான் செயலாளர். இந்த நாடு ஒரு நாள் எல்லாருக்கும் ஒரே வீடாகும் என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே பாடியவர் அலைவாணர். அவர் செத்து முப்பது வருடமாகியும் சேதுபதிக்கு ஒரு வரிகூட மறக்கவில்லை. மேடை கிடைத்தால் போதும், தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்.

"கடலைத் தாண்டி வந்த கால்களே – ஒரு
வாசலைத் தாண்ட வலிக்குதோ?"

அப்படிப்பட்டவர்தான் அடுத்த போகியன்று, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க, மலாக்காச் செட்டிகள் குடியிருக்கும் காஜா பேராங்குக்கு விறுவிறுவென்று நடந்தார். மகள் விஜயா ஒரு மலாக்காச் செட்டிப் பையனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். செட்டிகள் எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் கப்பலேறி வந்து, இங்கேயே பெண் எடுத்து, மலாய் பேசி, சாமியை மட்டும் விடாமல் கும்பிடுகிற சனம். பையன் வேலாயுதம் அரசாங்க குமாஸ்தா, தங்கமான குணம். அதெல்லாம் சேதுபதியின் காதில் ஏறவில்லை. தமிழே தெரியாத வீட்டில், சாதி என்னவென்றே தெரியாதவர்களிடம் சம்பந்தமா? முடியாது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து விஜயா அப்பாவிடம் பேச்சையே நிறுத்திவிட்டாள். அது அவரை உள்ளே அரித்தது, கோபமாக வெளியே வந்தது. இன்று பையன் வீட்டிலேயே முடித்துக் கட்டிவிடுவது என்று கிளம்பியிருந்தார்.

வீட்டுக்கு முன்னால், வெளிமுற்றத்தில் குடும்பமே நின்றிருந்தது. அவர் முற்றத்துக்குள் நுழையவும், சாரோங் கட்டியிருந்த வேலாயுதத்தின் தாய் அன்னம்மா வீட்டுக் கதவை வெளியிலிருந்து சாத்தவும் சரியாக இருந்தது.

"என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்துறீங்களா? அவ்வளவு திமிரா?" என்று மலாயில் வெடித்தார்.

அன்னம்மா உதட்டில் விரலை வைத்தாள். "மெல்லப் பேசுங்க. உள்ள சாப்பிடுறாங்க."

"யாரு?"

"செத்துப்போன எங்க பெரியவங்க. இன்னிக்குப் பார்ச்சு. படையல் போட்டுட்டு, அவங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நாங்க வெளியதான் நிப்போம்."

செத்தவர்கள் சாப்பிடும்போது யாரோடு சண்டை போடுவது? சேதுபதியும் வாயை மூடிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து வேலாயுதம் கதவைத் தட்டிவிட்டுத் திறந்தான்.

"மாசோக், உள்ள வாங்க" என்றாள் அன்னம்மா.

அவர் வாசலுக்கு வெளியிலேயே நின்றார். செட்டி வீட்டுக்குள் அவர் இதுவரை கால் வைத்ததில்லை. உள்ளே வரிசையாக வாழையிலைகள். நாசி லெமாக், சம்பால், பலகாரங்கள். கடைசி இலையருகே கறுப்புக் கோப்பியும் ஒரு சுருட்டும் இருந்தன. அதற்கு நேர் மேலே சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்ததும் சேதுபதிக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாசகசாலையில் அவர் தினமும் மாலை போடும் அதே முகம்.

"அலைவாணர் எப்படி இங்க?"

"உங்களுக்குத் தெரியாதா?" அன்னம்மா ஆச்சரியப்பட்டாள். "எல்லாரும் ஒரே பந்தியில உக்காரணும்னு பாடினாராம். அந்தக் கோபத்துல டவுன்ல தமிழாளுங்க யாரும் அவருக்கு வீடு தரல. என் மாமனார்தான் கூட்டிட்டு வந்தாரு. இங்கதான் கண்ண மூடினாரு. பிள்ளைகுட்டி கிடையாது. அதான் நாங்க இலை போடுறோம்."

படத்தையும் இலையையும் மாறி மாறிப் பார்த்த சேதுபதியிடம் அன்னம்மாவே மேலும் சொன்னாள்.

"அவரு பாட்டு எங்க யாருக்கும் புரியாது. நீங்க திடல்ல பாடினத வேலாயுதம் கேட்டிருக்கான். இன்னிக்கு அவரு இலைக்கு முன்னால ஒரு தடவை பாடுங்களேன். பாவம், இத்தனை வருஷமா அவருக்கு யாரும் பாடிக் காட்டல."

சேதுபதி வழக்கம்போலத் தொண்டையைச் செருமினார்.

"கடலைத் தாண்டி வந்த கால்களே..."

கண் தானாகக் கீழே போயிற்று. செருப்பு மாட்டிய அவருடைய இரண்டு கால்களும் வாசலுக்கு வெளியே நின்றன. நூறு மேடையில் பாடியபோது வராத அவமானம் இப்போது வந்தது. அடுத்த வரி வரவில்லை.

எல்லாரும் காத்திருந்தார்கள். "சூடா ஹாபிஸ்?" என்றாள் அன்னம்மா தயங்கியபடி. "முடிஞ்சிருச்சா?"

"இல்லம்மா, இன்னும் ஒரு வரி இருக்கு."

சேதுபதி செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து, கடைசி இலைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"தம்பி வேலாயுதம், போய் விஜயாவையும் அவங்கம்மாவையும் கூட்டிட்டு வாங்க. மிச்சத்த அவ முன்னாலதான் நான் பாடணும்."