பிரேக் போடும்போது மட்டும்

தேவிப்பிரியா காரைப் பின்னால் எடுத்து, சந்து முனையில் பிரேக் போட்டபோது அந்தக் கீச்சுச் சத்தம் முதல் முறையாகக் கேட்டது. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த எனக்கு உள்ளுக்குள் இனித்தது. பொய் சொல்ல என்ன இருக்கிறது, இனிக்கத்தான் செய்தது.

தேவி என் ஓரகத்தி. முத்தியால்பேட்டையில் ஒரே வீட்டில் கீழே அவள் குடும்பம், மாடியில் நாங்கள். கார் வந்து நான்கு மாதம். செகண்ட் ஹேண்ட்தான். ஆனால் வந்த அன்று எங்கள் மாமியார் நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, முன்னால் மிளகாய் கோத்துக் கட்டி, தெருவே பார்க்கப் பூசணிக்காய் உடைத்தார். நான் ஸ்கூட்டி வாங்கியபோது இதே அத்தை, பார்த்துப் போ என்றதோடு சரி.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். துர்கா விஷயம்தான் பொறுக்கவில்லை. என் மகள், இரண்டாம் வகுப்பு. அவள் பள்ளிக்கூடமும் தேவியின் ஆபீசும் லாஸ்பேட்டையில். என் வேலை நேரெதிர்த் திசையில், ரெட்டியார்பாளையத்தில். போகிற வழிதானே என்று தேவி அவளை ஏற்றிக்கொள்ள ஆரம்பித்தாள். ஒரே வாரத்தில் என் ஸ்கூட்டியில் தலை கலைகிறது, வெயில் அடிக்கிறது என்று இவளுக்கு நூறு குறை. பிறகு ஜடை பின்னிக்கொள்ளவும் கீழே ஓடினாள். நான் சீப்பும் கையுமாக நின்றேன்.

நான் கார் சர்வீஸ் சென்டரில் ஒன்பது வருடமாக ஜாப் கார்டு எழுதுகிறவள். வருகிறவர்கள் யாரும் இன்ன பாகம் கெட்டுவிட்டது என்று சொல்வதில்லை. வாயாலேயே வண்டி ஓட்டிக் காட்டுவார்கள். ஒருவர் டொக்கு டொக்கு என்பார், இன்னொருவர் கன்னத்தை உப்பி ஊதுவார். அதையெல்லாம் புரிந்துகொண்டு எழுதுவதுதான் என் வேலை. 'பிரேக் போடும்போது மட்டும் கீச்சுச் சத்தம்' என்ற வரியை ஆயிரம் முறை எழுதியிருப்பேன். சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற பேட் தேய்ந்துவிட்டது, சீக்கிரம் மாற்று என்று வண்டியே கத்துகிற சத்தம் அது.

தேவியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் கண்ணு வைத்துவிட்டாள் என்பார்கள் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை அதில்லை. பத்துப் பேர் பார்க்க அந்தக் கார் ஒருநாள் ஈசிஆர் சிக்னலில் மானத்தை வாங்க வேண்டும், துர்கா என் ஸ்கூட்டிக்குத் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான் ஆசைப்பட்டேன். பேட் முழுசாகத் தேய இன்னும் நாளிருக்கிறது என்று தினமும் காலையில் நினைத்துக்கொண்டு மகளுக்குக் கையசைத்தேன்.

இரண்டு வாரத்தில் கீச்சுச் சத்தம் நின்றது. தான் புது எலுமிச்சம்பழம் கட்டியதால்தான் என்று அத்தைக்குப் பெருமை.

மறுநாள் காலை இட்லி தின்றுகொண்டே துர்கா எனக்குச் சித்தியின் காரை ஓட்டிக் காட்டினாள். கையைத் திருப்பினாள், காலை அழுத்தினாள், தொண்டையிலிருந்து 'கர்ர்ர்' என்றாள். பேட் போய் இரும்போடு இரும்பு உரசுகிற சத்தம். கவுண்டரில் எத்தனையோ பெரிய மனிதர்கள் செய்து காட்டியதை அவள் அச்சு அசலாகச் செய்தாள். படியிறங்கி ஓடினேன்.

தேவி வண்டியைக் கிளப்பியிருந்தாள். "எடுக்காத தேவி" என்று முன்னால் போய் நின்றேன். கவுண்டரில் சொல்வதுபோலவே மூச்சுவிடாமல் சொன்னேன். முதலில் கீச்சென்று கத்தும், பத்துப் பதினைந்து நாளில் அடங்கும், அப்புறம் கரகரக்கும், கடைசியில் எவ்வளவு மிதித்தாலும் நிற்காது. காலங்காத்தாலே என்ன பேச்சு இது என்று முணுமுணுத்தபடி, வாசலில் நின்ற அத்தை திருஷ்டி சுற்றக் கற்பூரம் தேடி உள்ளே போனார்.

தேவி வண்டியை அணைத்தாள்.

"மொதல்ல கீச்சுனு கத்தும்னு சொன்னீங்களேக்கா. அது உங்களுக்கு மாடி வரைக்கும் கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சு."

"எப்பலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்து."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பாப்பா இதுலதானேக்கா வந்துனு இருந்தா" என்றாள்.

நான் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து, வண்டியைக் கட்டி இழுத்துப்போக ஆள் அனுப்பச் சொன்னேன். தேவி ஆட்டோவில் போய்க்கொள்வதாகச் சொன்னாள். துர்கா விடவில்லை. சித்தியும் வந்தால்தான் வருவேன் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதும் எனக்குச் சுருக்கென்றது.

மூன்று பேரும் என் ஸ்கூட்டியில் லாஸ்பேட்டைக்குப் போனோம். என் ஸ்கூட்டியின் பிரேக் சத்தமே போடாது. அது துர்காவுக்குப் போதவில்லை போல. நான் பிரேக் பிடித்த ஒவ்வொரு முறையும் முன்னால் நின்றபடி 'கர்ர்ர்' என்றாள். யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடியில் தேவியின் கை தெரிந்தது. அது என் தோளைத் தொடாமல், பின்னாலிருந்த கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது.