புல்லியில் இருந்த கோடு

அந்தச் சீட்டை எழுதியது நான்தான். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் அண்ணன் மேல் வைக்கும் புகார் மாதிரி ஆகிவிடும்.

அண்ணனின் ஷெட்டில் இரண்டு வண்டிகள் நிற்கலாம். வாசல் பக்கம் அண்ணன் வேலை செய்யும் இடம். உள் இடத்தில் ஆறு மாதமாகப் பழைய டயர்களும், அண்ணி வேண்டாமென்று அனுப்பிய பீரோவும்தான் குடியிருந்தன. நான் பகலில் முன் மேஜையில் சீட்டு எழுதுகிறவள், மாலையில் நோட்டும் கையுமாக வாகன மின்சார வகுப்புக்குப் போகிறவள். வேலைக்கு வரும் வண்டிக்கு என்ன கோளாறு, யார் வேலை, என்ன காரணம் என்று எழுதிச் சுவரில் உள்ள கிளிப்பில் மாட்டிவிட வேண்டும். அண்ணன் கொண்டுவந்த வழக்கம் அது.

பல் டாக்டரின் பழைய கார் வந்த அன்று அண்ணன் என்னைக் கூப்பிட்டான்.

"ஒவ்வொரு மழைக்கும் இந்த மனுஷன் நம்ம வாசல்ல வந்து நிக்கிறாரு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ள ஈரம். தொடைச்சுத் தொடைச்சு எனக்கே அலுத்துப் போச்சு. உன் வகுப்புல சொன்னாங்களே, பிளக்குக்கு ஒரு காயில், அதை இதுல போட்டுடு. சனிக்கிழமைக்குள்ள நல்லா ஓடுச்சுன்னா உள் இடம் உனக்கு. எலெக்ட்ரிக் வேலை எல்லாம் நீதான்."

பக்கத்தில் நின்ற அண்ணியின் தம்பி சிரித்தான்; வேறொரு ஷெட்டில் வேலை, பாதி நேரம் இங்கேதான். வாயை மூடவே தெரியாதவன் என்பதால் அவனுக்கு 'அமைதி' என்று பெயர் வைத்திருந்தோம். "நோட்டுக்காரிக்கு இடமா? வண்டி ஸ்டார்ட் ஆகலேன்னா நோட்டைத்தான் தள்ளிட்டுப் போகணும்."

பழைய முறையில், பிளக்கில் பொறி வர மின்சாரம் தரும் காயில் ஒன்றே ஒன்றுதான். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ஒரு சின்னக் கை அந்த மின்சாரத்தை நாலு பிளக்குக்கும் முறை வைத்துப் பங்கு போடும். டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு பக்கம் திருப்பினால் பொறி முந்தும், மறுபக்கம் திருப்பினால் பிந்தும். புது முறையில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் உட்காரும். எப்போது பொறி என்பதை ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி முடிவு செய்யும். அதற்காக எஞ்சின் முன்னால் சுற்றும் புல்லியின் நடுவில் ஒரு பல்சக்கரம், அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு சென்சார். முதல் பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம் எது என்று மட்டும் நாம் பெட்டிக்குச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் பெட்டி அந்தத் தப்பை ஒரு தடவைகூடப் பிசகாமல் செய்துகொண்டிருக்கும்.

நோட்டில் பதினேழு படிகள் எழுதியிருந்தேன். அண்ணன் எட்டிப் பார்த்தான். விரல் ஒன்பதில் நின்றது: புல்லியில் உள்ள கோடு உண்மையான உச்சியைக் காட்டுகிறதா என்று சோதிக்க.

"இது என்ன?"

"கோடு சரியான்னு ஒரு தடவை பாத்துடலாம்ணா."

"பன்னெண்டு வருஷமா இந்த வண்டிக்கு டைமிங் வைக்கிறேன். என் கோட்டையே சந்தேகப்படுறியா?"

"இல்லண்ணா, சும்மா..."

"சும்மா பாக்கறதுக்கெல்லாம் நேரம் இல்ல. அடி அதை."

அடித்தேன். அளவுகோல் வைத்து, நேராக.

புதன்கிழமை மதியம் எஞ்சின் ஓடியது. ஓடியது என்று சொல்லலாம், அவ்வளவுதான். மேட்டில் ஏற மறுத்தது. சைலன்ஸரில் பட் பட் என்று வெடித்தது, பக்கத்தில் போனால் அனல். பொறி எப்போது வருகிறது என்று காட்டும் டைமிங் லைட்டைப் பிடித்துப் பார்த்தேன். உச்சிக்குப் பத்து டிகிரி முன்னால் பொறி வர வைத்திருந்தேன், அந்தக் கோடும் பத்தில்தான் நின்றது. வயர்களை மூன்று முறை எண்ணினேன். காயில்களை இடம் மாற்றினேன். எர்த் வயர் பிடிக்கும் இடத்தைச் சுரண்டி மறுபடி பொருத்தினேன். வெள்ளிக்கிழமைக்குள் நோட்டில் எல்லாப் படிக்கும் எதிரே 'சரி' இருந்தது. எல்லாம் சரி, வண்டி மட்டும் சரியில்லை என்றால் மிச்சம் இருப்பது நான்தானே?

சீட்டை எடுத்தேன். கோளாறு: இழுவை இல்லை. செய்பவர்: நான். காரணம்: என் வேலையில் தவறு, எங்கே என்று தெரியவில்லை.

அமைதி அதைச் சத்தமாகப் படித்தான். "பரவாயில்லையே, எழுத்து நல்லாத்தான் இருக்கு." அண்ணன் படித்துவிட்டு, திட்டாமல் வீட்டுக்குப் போனான். அதை இரக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஷெட்டை நானே திறந்து, அடித்துவிட்ட ஒன்பதாவது படியைச் செய்தேன். ஒரு பழைய பிளக்கின் உள்ளே இருப்பதைத் தட்டி எடுத்துவிட்டு, அதில் ஒரு போல்ட்டை மாட்டி முதல் சிலிண்டரில் திருகினேன். ஸ்பேனரால் எஞ்சினை மெதுவாகச் சுற்றினால் பிஸ்டன் ஏறி வந்து போல்ட்டில் முட்டி நிற்கும். அங்கே ஒரு அடையாளம். திருப்பிச் சுற்றினால் மறுபடி முட்டும். அங்கே ஒன்று. இரண்டுக்கும் நட்டநடுவில்தான் உச்சி. பழைய கோடு அங்கிருந்து பதினாறு டிகிரி தள்ளி இருந்தது.

அந்தப் புல்லி இரண்டு துண்டு, நடுவில் ரப்பர். ரப்பர் விட்டுப்போய் வெளி வளையம் எப்போதோ நழுவியிருக்கிறது. கோடு அதில்தான் இருந்தது. நழுவாத நடுப்பகுதியில் வெள்ளை பெயிண்டால் புதுக் கோடு போட்டேன். பெட்டியில் ஒரே ஒரு எண்ணை மாற்றினேன். சத்தமே இல்லை; எஞ்சின் ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

அதற்கப்புறம்தான் உறைத்தது. பன்னிரண்டு வருடமும் அண்ணன் அந்தக் கோட்டைப் பார்த்ததே இல்லை. காதை வைத்துக்கொண்டு டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பியிருக்கிறான். காது சரியாகவே சொல்லியிருக்கிறது. அதனால் கோட்டின் பொய் யாருக்கும் தெரியவில்லை.

இரண்டாவது சீட்டில் 'காரணம்: நழுவிய கோடு, சோதிக்காமல் அடித்த ஒன்பதாவது படி' என்று எழுதி முடித்தபோது அண்ணன் வந்தான். பின்னால் அமைதி, தோளில் அவனுடைய டூல் பெட்டி.

"அண்ணா, வண்டி ஓடுது. இதைப் படி."

அவன் முதலில் தலையைச் சாய்த்து எஞ்சினைக் கேட்டான். "நல்லா இருக்கே!" பிறகு சீட்டைப் படித்தான். இரண்டு முறை.

"கோட்டை நீ பாத்ததே இல்லையாண்ணா?"

"காது இருக்கும்போது கோடு எதுக்கு?"

"அப்போ எதுக்கு அடிக்கச் சொன்ன?"

சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "டாக்டர் வந்து நிக்கிற இடத்துல இதையெல்லாம் மாட்டிக்கிட்டு... விடு."

"உள் இடம்?"

"நேத்தே உங்க அண்ணிகிட்ட, இடம் அவ தம்பிக்குன்னு சொல்லிட்டேன். அவனும் பாத்த வேலையை விட்டுட்டு வந்துட்டான். என்ன பண்ணச் சொல்ற? நீயேதானே எழுதி மாட்டின, உன் தப்புன்னு. உன் மேல உனக்கே நம்பிக்கை இல்ல, நான் எதை நம்பி இடம் குடுக்கறது?"

இதற்கு நாலு பதில்கள் அப்புறம் கிடைத்தன. நாலும் நோட்டில் இருக்கின்றன.

அமைதி பானெட்டுக்குள் குனிந்தான். "மாமா, இந்த வெள்ளைக் கோடு புதுசா இருக்கே?"

"அதை வச்சுத்தான் இனிமே டைமிங் பாக்கணும்," என்றான் அண்ணன். "காதை நம்பிக்கிட்டு இருக்காதே."

இருவரும் சேர்ந்து பீரோவைத் தள்ளினார்கள். அது தரையில் கீறிக்கொண்டு போன சத்தத்தில் எஞ்சின் கேட்கவேயில்லை.

பத்து மணிக்கு அடுத்த வண்டி உள் இடத்துக்குப் போனது. நான் சீட்டு எழுதினேன். செய்பவர் என்ற இடத்தில் அமைதியின் பெயர். மாட்டுவதற்காகக் கிளிப்பைத் திறந்தேன். வெள்ளிக்கிழமைச் சீட்டு அங்கேயே இருந்தது. கழற்றுவதும் என் வேலைதான். அதன் மேலேயே புதியதை வைத்துக் கிளிப்பை மூடினேன்.