வலிக்கு ஓர் எண்

கோவிந்தராஜன் அடுப்படியில் கஷாயத்தை வடிகட்டிக்கொண்டிருந்தார். அறையில் அவர் மனைவி ஞானாம்பிகை பல்லைக் கடித்தபடி தலையணையின் ஓரத்தை இறுகப் பிடித்திருந்தாள். வலி பத்துக்கு எவ்வளவு என்று, வீட்டுக்கு வந்திருந்த நர்ஸ் கேட்டாள். ஞானாம்பிகைக்கு வாய் திறக்க முடியவில்லை. அடுப்படியிலிருந்து கோவிந்தராஜன்தான் பதில் சொன்னார். மூன்று. நேற்றும் மூன்றுதான்.

கட்டிலின் கால்மாட்டில் நின்ற மகள் ஸ்ரீலேகாவுக்கு அந்தப் பதிலைக் கேட்டு உடம்பு எரிந்தது.

அப்பா டவுன்டவுனில் உள்ள பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். சீனர்களின் பழைய வைத்தியத்தில் ஒரு மருந்துக்குள் ஒரு ராஜாங்கமே இருக்கும் என்பார். ஒரு வேர் ராஜா, இரண்டு பட்டைகள் மந்திரிகள், எல்லாரையும் ஒத்துப்போக வைக்க அதிமதுரம். எதை எத்தனை கிராம் சேர்த்தால் குணமாகும் என்பதைச் சமன்பாடு போட்டே சொல்லிவிடலாம் என்பது அவருடைய ஆராய்ச்சி. எலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பதோடு நின்றிருந்த அது, அம்மாவுக்குப் புற்றுநோய் வந்ததும் வீட்டுக்குள் வந்துவிட்டது. எலிகளிடம் கேட்க முடியாததை அவர் அம்மாவிடம் கேட்டார்.

தினமும் காலையில் அம்மா வலிக்கு ஓர் எண் சொல்வாள். அதைக் கணினிக்குக் கொடுத்தால் அன்றைய அளவுகளை அது சொல்லும். சைனா டவுனில் வாங்கிய வேர்களை அப்பா நிறுத்துப் போட்டுக் காய்ச்சுவார். எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன. மனிதர் பூரித்துப்போனார். மூன்றுக்கு எதற்கு வலியை அடக்கும் மார்ஃபின் ஊசி, அதைக் கூட்டினால் எது வேலை செய்கிறது என்றே தெரியாமல் போகும் என்று நர்ஸிடம் வாதாடினார்.

போன வாரம் ஸ்ரீலேகா தலை வாரிவிடும்போது அம்மா அவளிடம் சொல்லிவிட்டாள்.

"எட்டுன்னு சொன்னா உங்கப்பா தட்டைத் தள்ளி வெச்சுட்டு கம்ப்யூட்டர்ல போய் உக்காந்துடறார். மூணுன்னு சொன்னா சாப்பிடறார். அவர்கிட்ட சொல்லிடாதடி."

ஸ்ரீலேகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஆனாலும் சொல்வதில்லை என்று தலையாட்டியிருந்தாள்.

இப்போது தலையணையைப் பிடித்திருந்த அந்த விரல்களைப் பார்த்தாள். நர்ஸிடம் அந்த ஊர் மொழியான பிரெஞ்சில் சொன்னாள், மூன்று இல்லை, ஒன்பது என்று. நர்ஸ் மறுபேச்சில்லாமல் யாருக்கோ போன் செய்து கேட்டுவிட்டு ஊசியின் அளவைக் கூட்டினாள். டம்ளரோடு வாசற்படியில் நின்ற அப்பாவுக்கு அந்த அளவு பிரெஞ்சு தெரியும்.

கொஞ்ச நேரத்தில் அம்மாவின் விரல்கள் தளர்ந்தன. பொழுது சாயும்போது மூச்சு நின்றது. கஷாயம் மேசையில் ஆறிப்போய் இருந்தது.

தகனம் முடிந்து வந்த பிறகும் அப்பா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் மருந்து நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது என்றார். மகளின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. துக்க வீட்டில் உலை வைக்கக் கூடாதென்று மேல்மாடியில் குடியிருக்கும் றோசா புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்தாள்.

"அண்ணை நேற்றிலயிருந்து ஒண்டும் சாப்பிடேல்லை, பிள்ளை. நீ ஒருக்கா கதைச்சுப் பார்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஸ்ரீலேகா தட்டில் போட்டு அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைத் தள்ளி வைத்தார்.

"எப்படிம்மா ஒன்பது?" என்றார். குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "என்கிட்ட மூணுன்னுதானே சொன்னா. தினமும் பொய்யா சொல்லிட்டிருந்தா?"

அவளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆமாம், உங்களுக்குச் சோறு இறங்கணும்னு பொய் சொல்லிச் சொல்லியே துடிச்சா, உங்க சமன்பாடு மொத்தமும் அவளோட பொய்தான் என்று முகத்தில் அடிப்பதுபோல் சொல்ல வேண்டும். இத்தனை நாள் அதற்குத்தான் காத்திருந்தாள். அவர் தள்ளி வைத்த தட்டு மேசையில் அப்படியே இருந்தது.

"இல்லப்பா. மூணுதான். நான்தான் பயந்துபோய் ஒன்பதுன்னு சொல்லிட்டேன்."

அவர் அப்போதுதான் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த ஊசி மட்டும் போடாம இருந்திருந்தா, இன்னும் இருந்திருப்பா," என்றார்.

அவள் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

கோவிந்தராஜன் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு புட்டைப் பிசைந்தார். குழம்பு போதவில்லை என்றார். அவள் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.