கோமளா போட்ட ஜாமீன்

ஏரியோர மீனவக் கிராமமான பசியாவரத்தில் கோமளாவின் படகு எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போனவன் பக்கத்து வீட்டு பிராங்க்ளின். போதை மாத்திரை வாங்க அதை ஆந்திராவில் விற்கப் போனவனை, எல்லையில் எளாவூர் செக்போஸ்டிலேயே போலீஸ் மடக்கியது. எஞ்சின் கிடைத்தும் கோமளாவின் ஆத்திரம் அடங்கவில்லை. "உள்ளயே கெடக்கட்டும்," என்று அவன் அம்மா எப்சிபாவிடம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்.

ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த அன்று அவள் கோர்ட்டுக்குப் போனதே அதைச் சொல்லத்தான். வராந்தாவில் பிராங்க்ளின் சுவரோரம் சுருண்டு கிடந்தான். மாத்திரை கிடைக்காமல் மூக்கு ஒழுகியது, கால்கள் வெடவெடத்தன.

"நடிக்கிறான்மா," என்றார் காவலுக்கு வந்த ஏட்டு.

"நடிச்சா இப்டி வேர்க்குமா சார்?"

கோமளா டீ வாங்கிவந்தாள். அவனால் கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. தானே பிடித்துப் புகட்டினாள்.

"அக்கா, நான் வந்து..."

"பேசாத, குடி."

பிராங்க்ளினைக் கூப்பிட்டார்கள். மாஜிஸ்திரேட் அம்மா கோமளாவைப் பார்த்து, "இவரை வெளியே விட உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார்.

"ஊட்டுக்குன்னா உண்டு மேடம். ஆஸ்பத்திரிக்குன்னா இல்ல. உள்ள பூட்டிவெச்சா இந்த மாத்திரைச் சனியன் அவன உடுமா? வெளிய வந்ததும் மாத்திரைக்குத்தான் ஓடுவான். திருடுனதுக்கு கேஸ் நடக்கட்டும். மொதல்ல வைத்தியம் பாருங்க."

"ஜாமீன் யார் கொடுப்பாங்க?"

"நான் குடுக்கறேன்."

பின்னால் எப்சிபா வாய்விட்டு அழுதுவிட்டாள். அரசு ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிகிச்சை எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஜாமீன் கிடைத்தது.

தேறி வந்தவன் ஆடி மாதத்தில் மறுபடி மாத்திரை போட்டான். எப்சிபா மறைக்கப் பார்த்தாள். கோமளா அவனைப் பஸ் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, கோர்ட்டிலும் தானே போய்ச் சொன்னாள். மாஜிஸ்திரேட் ஜாமீனை ரத்து செய்யவில்லை. சிகிச்சையைத் தொடரச் சொன்னார்.

"நமக்கு இன்னாத்துக்குடி இந்த வேல?" என்றான் புருஷன் தங்கவேல்.

"ஜொரம் திரும்பி வந்தா மருந்த நிறுத்திடுவியா? இன்னொருவாட்டி வந்தாலும் இட்டுனு போவேன்."

பிராங்க்ளின் திரும்பியபோது யாரும் அவனைத் தொழிலுக்குக் கூப்பிடவில்லை. கோமளாதான் அவன் வாசலில் போய் நின்றாள். "நண்டு வலை எடுக்கணும், வா."

ஏரியில் அன்று நல்ல பாடு, வலை நிறைய நண்டு. தங்கவேல் வலையை இழுக்க, பிராங்க்ளின் சிக்கிய நண்டுகளை ஒவ்வொன்றாக விடுவித்துக் கூடையில் போட்டான். காலையிலிருந்து அவனோடு பேசாத தங்கவேல், சாப்பாட்டு நேரத்தில் தூக்கைத் திறந்து, மூடியில் சோறும் எறாத் தொக்கும் வைத்து அவன் பக்கம் நகர்த்தினான்.

"கை கழுவிட்டுத் துன்னு," என்றான்.